பயப்படுகிற நாளில் ஆண்டவரை நம்புவது எப்படி? நோயும் கடனும் நெருக்கும் வீடுகளுக்கான கேள்வி-பதில்

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள், ஆபரேஷன் தேதி குறித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள், மாதக் கடைசியில் வட்டிக்கு வழி தெரியாதவர்கள், இவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன. கத்தோலிக்க வாசகர்கள் சங்கீதத்தைத் திருப்பாடல்களில் பார்த்துக்கொள்ளலாம்.

விசுவாசிக்குப் பயம் வரலாமா? பயந்தால் அது பாவமா?

வரும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது சங்கீதம் 56:3. தாவீது காத் ஊரில் பெலிஸ்தரிடம் மாட்டிக்கொண்டபோது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. பயம் போனபிறகு நம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில் இருக்கின்றன. பவுலும் மக்கெதோனியாவில் பட்டதை மறைக்கவில்லை: "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" (2 கொரிந்தியர் 7:5). அவருக்கு ஆறுதல் எப்படி வந்தது என்று அடுத்த வசனத்தைப் பாருங்கள். தீத்து என்ற நண்பர் வந்து சேர்ந்ததனால் தேவன் தன்னைத் தேற்றினார் என்கிறார். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் (மாற்கு 14:33). அவரைவிட நாம் தைரியசாலிகளாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேதத்தில் "பயப்படாதே" 365 முறை வருகிறதாமே, நாளுக்கு ஒன்றாக?

வாட்ஸப்பில் ஓயாமல் சுற்றும் கணக்கு இது. எண்ணிப் பார்த்தால் அத்தனை வராது. அந்த எண் இல்லாமலேயே வசனங்கள் நிற்கும். எண்ணிக்கையைவிட, யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்ப்பது பயன் தரும். பெரும்பாலும் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம்தான் அந்தச் சொல் போகிறது. அதன் பின்னாலேயே ஒரு காரணமும் வரும்: "நான் உன்னுடனே இருக்கிறேன்" (ஏசாயா 41:10). அதட்டலாக வாசித்தால் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

"கர்த்தர்மேல் பாரத்தை வைத்துவிடு" என்கிறார்கள். நடைமுறையில் என்னதான் செய்வது?

இதற்கு அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை விடத் தெளிவான பாடம் இல்லை. ஒரே மூச்சில் வாசிக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது.

பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிற கப்பலில் 276 பேர். புயல் பிடித்துக்கொள்கிறது. பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. அப்போது ஒரு தூதன் பவுலிடம், கப்பலில் இருக்கும் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று வாக்குக் கொடுக்கிறான். இது 24-ஆம் வசனம். அதிகாரமோ 44 வரை போகிறது. வாக்குக் கிடைத்தபிறகு நடந்ததைக் கவனியுங்கள். மாலுமிகள் விழுதுவிட்டு (கயிற்றில் எடை கட்டி இறக்கி) ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் இருபது பாகம், அப்புறம் பதினைந்து; கரை நெருங்குகிறது. பாறையில் மோதாமல் இருக்கக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்குகிறார்கள். சிலர் படகை நைசாக இறக்கித் தப்பிக்கப் பார்க்க, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் பவுல் சொல்கிறார். பதினாலு நாளாகச் சாப்பிடாதவர்களைச் சாப்பிடச் சொல்லி, தானே முதலில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசிக்கிறார். பிறகு பாரத்தைக் குறைக்கக் கோதுமை கடலுக்குப் போகிறது. கடைசியில் சிலர் நீந்தியும், சிலர் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேர்கிறார்கள்.

தூதன் சொல்லிவிட்டானே என்று பவுல் கைகட்டி உட்காரவில்லை. நங்கூரம் போட்டதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவும் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கப்பல் உடைந்தே போயிற்று. உயிருக்குத்தான் வாக்கு, கப்பலுக்கு இல்லை. நம் ஜெபங்களில் பாதி, கப்பலுக்காகச் செய்யப்படுபவை.

இதை ஒரு தாளில் இப்படிக் கொண்டுவரலாம். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம், இன்று நான் செய்யக்கூடியவை: பயாப்ஸி ரிப்போர்ட் எந்த நாள் வரும் என்று லேபுக்குப் போன், காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பது, தம்பியிடம் ரத்தம் கொடுக்க ஆள் கேட்பது. வலது பக்கம், என் கையில் இல்லாதவை: ரிப்போர்ட்டில் என்ன வரும், சிகிச்சை பிடிக்குமா, பிள்ளைகள் என்ன ஆவார்கள். வலது பக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி ஜெபியுங்கள். இடது பக்கத்தில் ஒன்றையாவது மதியத்துக்குள் முடியுங்கள். பெரும்பாலும் கோளாறு எங்கே வருகிறது என்றால், இடது பக்கத்து வேலையை ஜெபத்தில் தள்ளிவிட்டு, வலது பக்கத்தை ராத்திரி முழுக்க நாமே சுமக்கிறோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை. என்ன செய்யலாம்?

முதலில், போனைத் தொடாதீர்கள். நோயின் பெயரைத் தேடுவதற்கு அந்த நேரத்தைவிட மோசமான நேரம் கிடையாது.

படுத்தபடியே நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். இழுக்கும்போது மனதுக்குள் "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". ஐந்து நிமிடத்தில் முப்பது முறை வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். இது உடம்பின் இயல்பு. வசனத்தை மந்திரம்போல் ஆக்குகிறோமோ என்று சிலர் தயங்குவார்கள். வேகமாக நூறு முறை உருப்போட்டால் அந்த ஆபத்து உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவோடு மெதுவாகச் சொன்னால் அது ஜெபம்தான்.

இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். குறைந்த வெளிச்சத்தில் ஒரு சங்கீதம் வாசியுங்கள். 4, 23, 121 மூன்றும் சின்னவை. மனதில் ஓடுவதைத் தலையணைப் பக்கத்து நோட்டில் ஒரே வரியாக எழுதி, "காலை 10 மணிக்கு" என்று நேரம் போட்டு மூடிவையுங்கள். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34) என்பதைக் கடைப்பிடிக்க இது ஒரு எளிய வழி. கண் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். மாலைக்குமேல் காபி, டீ வேண்டாம்.

திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துப்போவேன் என்று தோன்றுகிறது. இது சத்துருவின் தாக்குதலா?

பீதித் தாக்கமாக இருக்கலாம். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். ஆனால் முதல் முறை வரும்போது அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, அது இடது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை இருந்தால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஜெபத்தை ஆம்புலன்சிலும் செய்யலாம். இதயத்தில் கோளாறு இல்லை என்று ஈசிஜி பார்த்து டாக்டர் சொன்னபிறகு, மேலே சொன்ன மூச்சுப் பயிற்சி உதவும். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. கோபம்தான் வருகிறது.

கோபத்தையே கொண்டுபோங்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள்; ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று தாவீது நாலு முறை கேட்டுவிடுகிறார். 3, 4-இல் வேண்டுதல். 5, 6-இல்தான் நம்பிக்கையும் பாட்டும். துதியோடுதான் தொடங்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

அதே அச்சில் உங்கள் ஜெபத்தை எழுதலாம். ஆண்டவரைக் கூப்பிட ஒரு வரி. நடந்ததை உள்ளபடி சொல்ல இரண்டு வரி. "கீமோ மூன்றாவது முறை, அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை" என்கிற அளவுக்கு நேரடியாக. என்ன வேண்டும் என்று ஒரு வரி. கடைசி வரி, அவரைப் பற்றி இன்றைக்கு உங்களால் உண்மையாகச் சொல்ல முடிந்த ஒன்று. அந்தக் கடைசி வரி வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் சபை இரண்டாயிரம் ஆண்டாகத் தூக்கிப்போடாமல் வாசித்துவருகிறது. எழுதவும் தெம்பில்லாத நாளில் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கக் கேட்டு "ஆமென்" சொன்னால் போதும்.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவா? ஜெபித்தபிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக் கூடாது. எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருடம் ஆயுளைக் கூட்டிக்கொடுத்தார். அந்த வாக்கு வந்த அதே அதிகாரத்தில், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா (ஏசாயா 38:5, 21). பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா வைத்தியன். தமிழ்நாட்டில் இதைச் சொல்லவே தேவையில்லை. வேலூரில் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஜெபமும் மருந்தும் அங்கே ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

நிறுத்தினால் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலின் கட்டாயம் தேவைப்படும் சர்க்கரை நோயாளி ஊசியை விட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். ரத்த அழுத்த மாத்திரை விஷயத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, அதுதான் சிக்கல். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கவாதத்தில் விழுபவர்கள் உண்டு.

சுகமானேன் என்று நம்புகிறீர்களா? சந்தோஷம், டெஸ்ட் எடுங்கள். குஷ்டரோகிகள் பத்துப் பேரை இயேசு, "ஆசாரியர்களுக்குக் காண்பியுங்கள்" என்றுதானே அனுப்பினார் (லூக்கா 17:14). அன்றைக்குச் சோதித்துச் சொல்லும் அதிகாரம் ஆசாரியனிடம் இருந்தது. இன்றைக்கு அந்த வேலையை ரிப்போர்ட்டும் டாக்டரும் செய்யட்டும். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது.

உபவாசம் இருக்கலாமா?

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கீமோவில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விட வேண்டாம். ஒரு நாள் முழுக்க போனையும் டிவியையும் விடுவது அதைவிடக் கடினமான உபவாசம் என்று பலரும் கண்டுகொள்வார்கள்.

எதிலும் மனம் ஒட்டவில்லை, சாகலாம் போலிருக்கிறது. இதைச் சபையில் சொன்னால் என்ன நினைப்பார்களோ?

எலியா தீர்க்கதரிசி சொன்னதைவிட மோசமாக நீங்கள் சொல்லிவிடப்போவதில்லை. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர், யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலில் வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின்கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார் (1 இராஜாக்கள் 19:4). கண்டனம் எதுவும் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாந்தரம் தட்டி எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று இன்னொரு முறை சாப்பிட வைத்தான். பேச்சு அதற்கப்புறம்தான். அதன்பின் எலிசா என்ற துணையும் கிடைத்தது.

வரிசையைக் கவனியுங்கள்: சாப்பாடு, தூக்கம், பேச்சு, துணை. பிரசங்கத்தை முதலில் வைப்பது நாம் செய்யும் தவறு.

இரண்டு வாரத்துக்குமேல் நாள் முழுக்கச் சோர்வு, தூக்கமும் பசியும் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமை இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலாவது நாளே பலனில்லை என்று விடக் கூடாது, பலன் தெரிந்ததும் தானாக நிறுத்தவும் கூடாது. சாகும் எண்ணம் வந்தால் இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் உடனே பூட்டி வையுங்கள்.

"உன் விசுவாசம் போதாது, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று ஊழியர் ஒருவர் சொல்கிறார்.

அப்படிப் பார்த்தால் பவுலின் விசுவாசமும் போதவில்லை. "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தன் சரீரத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9:3). படுக்கையில் இருப்பவர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுகிறவரோடு வாதாட வேண்டாம். "ஜெபித்துக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்" என்று வாசலோடு முடித்துக்கொள்ளுங்கள்.

புது வருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அட்டையோடு நிறுத்தாதீர்கள். அந்த வசனத்துக்கு முன்னே பத்து, பின்னே பத்து வசனம் வாசியுங்கள். எரேமியா 29:11 அதிகமாக விநியோகமாகும் வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." ஒரு வசனம் மேலே போனால் எழுபது வருஷம் என்றிருக்கும். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு வந்த கடிதம் அது. வாசித்தவர்களில் பலர் திரும்புவதற்குள் இறந்திருப்பார்கள். அவர்களிடம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது 5-ஆம் வசனம். "டிசம்பருக்குள் பிரச்சினை தீரும்" என்று அதை வாசிப்பவர் டிசம்பரில் உடைந்துபோவார்.

கடன் கழுத்தை நெரிக்கிறது. விதைக் காணிக்கை விதைத்தால் கடன் தீருமா?

தீராது, கடன்தான் கூடும். கடன்பட்டு இறந்தவனின் விதவை எலிசாவிடம் வந்தபோது அவர் காணிக்கை கேட்கவில்லை, "வீட்டில் என்ன இருக்கிறது" என்று கேட்டார் (2 இராஜாக்கள் 4). ஒரு குடம் எண்ணெய் இருந்தது. பாத்திரங்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கச் சொன்னார். அவை நிறைந்ததும், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அற்புதத்துக்குப் பிறகும் அவள் போய் விற்கத்தான் வேண்டியிருந்தது.

நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில்: யாரிடம், அசல் எவ்வளவு பாக்கி, வட்டி என்ன, கட்டும் தேதி. மாதம் மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய் போயும் அசல் அப்படியே நிற்கும். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். நகை இருந்தால் அடகுக்கடையைவிட வங்கியில் வைப்பது பெரும்பாலும் மலிவு. மருத்துவச் செலவு என்றால், அட்மிட் ஆவதற்கு முன்பே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில், அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று கேளுங்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வாங்கிய கடன்தான் வீட்டை அதிகம் உடைக்கிறது. தாளை இருவரும் சேர்ந்து பாருங்கள்.

பொருத்தனை பற்றியும் ஒரு வார்த்தை. "பிள்ளை பிழைத்தால் வீட்டை எழுதிவைக்கிறேன்" என்று ஐசியூ வாசலில் நேர்ந்துகொள்ளாதீர்கள். நேர்ந்து செய்யாமற்போவதைவிட நேராதிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. ஆண்டவர் பேரம் கேட்பவர் அல்ல.

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

ரோமர் 8:38, 39-ஐச் சத்தமாக வாசியுங்கள். தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாதவற்றின் பட்டியல் அது; அதில் எதுவும் விடுபடவில்லை. தகடு எடுக்கிறேன் என்று வருபவருக்குக் காசு கொடுக்காதீர்கள், அவர் பைபிளோடு வந்தாலும்.

எவ்வளவு ஜெபித்தும் சுகமாகவில்லை என்றால்?

ராஜாவின் சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்களும் அவனிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உன் சிலையைப் பணிய மாட்டோம் (தானியேல் 3:17, 18). திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழிந்தது. அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமல் இல்லை. அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். ஏன் அவருக்குச் சுகம் வரவில்லை என்பதற்கு எங்களிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதாகச் சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகிறோம். என்ன பேசுவது?

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். "எங்க சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான்" என்று தொடங்காதீர்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். கட்டிலில் இருப்பவருக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் நாலு பேர் வாங்கி வந்திருப்பார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு நாலு இட்லியும், அவர் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரமும் கொடுங்கள். முதல் வாரம் கூட்டம் தாங்காது. மூன்றாவது வாரம் ஒருவரும் வரமாட்டார்கள், பில் மட்டும் வரும். உங்கள் நாட்காட்டியில் அந்த வாரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அப்போது போங்கள்.